துக்க வீட்டு நட்சத்திரம்

சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் நட்சத்திரம் கட்டுவதில்லை. எந்தப் போதகரும் இதைப் பிரசங்கத்தில் சொன்னதில்லை, எந்தக் கமிட்டியும் தீர்மானம் போட்டதில்லை. ஆனாலும் அல்சூர்ப் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்களில் இதை மீறினவர் யாரும் கிடையாது. டிசம்பர் பிறந்தால் மூங்கில் குச்சியில் கலர் காகிதம் ஒட்டின நட்சத்திரம் ஒவ்வொரு வாசலிலும் ஏறும். ஏறாத வாசல் துக்க வீடு. கேரல் பாடிக்கொண்டு வருகிறவர்கள் அந்த வாசலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே டோலக்கை நிறுத்துவார்கள். பெட்ரோமாக்ஸ் தூக்கி வருகிறவன் வெளிச்சம் வீட்டுக்குள் விழாதபடி விளக்கை மறுபக்கத்துக் கைக்கு மாற்றிக்கொள்வான். செருப்புச் சத்தம் மட்டும் கேட்க எல்லோரும் கடந்துபோய், அடுத்த வீட்டு வாசலில் மறுபடி ஆரம்பிப்பார்கள்.

யூனிஸ் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கேரல் கோஷ்டியில் ராகத்துக்குக் கீழ்க்குரலான ஆல்ட்டோ பாடினவள். எத்தனையோ வாசல்களை அப்படிக் கடந்திருக்கிறாள். அது மரியாதை என்றுதான் நினைத்திருந்தாள். அந்தச் செருப்புச் சத்தம் உள்ளே இருப்பவர்களுக்கு எப்படிக் கேட்கும் என்று அவள் ஒரு தடவைகூட யோசித்ததில்லை. ஐம்பத்தேழாம் வருஷக் கிறிஸ்மஸுக்கு அவள் உள்ளே இருந்து கேட்க வேண்டிய முறை வந்தது.

மூத்தவன் ஓஸ்வால்ட் ஜூன் மாசம் போய்விட்டான். பதினாறு வயசு. டைபாய்டு. அதற்கு மேல் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. இருந்ததையெல்லாம் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் சொல்லி முடித்துவிட்டார்கள். கர்த்தர் தமக்குப் பிடித்த பூவைப் பறித்துக்கொண்டார் என்றார் ஒருவர். யூனிஸ் அவருக்குக் காபி கொடுத்தாள். பிறகு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்தவர் தோட்டத்தில் பூப் பறிக்கிற ஒருவரை அவள் கர்த்தர் என்று என்றைக்கும் கூப்பிட்டதில்லை.

அவள் புருஷன் ஞானசேகரன் தொம்மலூர் தாண்டி ஒரு ஃபாக்டரியில் ஃபிட்டர். பையனை அடக்கம் செய்துவிட்டு வேலைக்குத் திரும்பினவன், எனக்கு இனிமேல் நைட் ஷிஃப்டே போடுங்கள் என்று தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டான். ஃபோர்மேனுக்குச் சந்தோஷம். ராத்திரி வேலையைத் தள்ளிவிடத்தான் ஆட்கள் அவரிடம் வருவார்கள், கேட்டு வாங்குகிறவனை அவர் கண்டதில்லை. சபையில் ஞானசேகரனுக்கு நல்ல பேர். மனுஷன் துக்கத்தை உழைப்பில் கரைக்கிறான் பார் என்றார்கள். நைட் ஷிஃப்டில் ஒரு சவுகரியம் உண்டு. வீட்டார் விழித்திருக்கிற நேரத்தில் அங்கே இருக்க வேண்டியதில்லை, இருந்தாலும் தூங்கலாம். இது யூனிஸுக்குத் தெரியும். சபைக்குத் தெரியாது.

அதனால் அந்த வீட்டில் பகல் முழுக்கச் சத்தம் கூடாது. சாயங்காலம் அவன் போன பிறகும் கூடாது. சாயங்காலத்துச் சட்டம் ஹெப்சியுடையது.

ஹெப்சி ஞானசேகரனின் அக்கா. கோலார் தங்கவயலில் புருஷனைச் சுரங்கத்துக்குக் கொடுத்தவள். அடக்கத்துக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. ஹார்மோனியத்தின் மேல் வெள்ளைத் துணி போட்டுக் கட்டினாள். யூனிஸின் கலர்ப் புடவைகளைப் பெட்டிக்கு அடியில் தள்ளினாள். மௌரீன் ரிப்பன் கட்டினால் அவிழ்த்தாள். மௌரீனுக்குப் பத்து வயசு, ஓஸ்வால்டுக்குப் பின்னால் பிறந்தவள், மிச்சம் இருப்பவள். தங்கவயலில் ஹெப்சியின் சொந்த வாசலில் அவள் புருஷன் செத்த வருஷம் நட்சத்திரம் ஏறவில்லை. ஒரு வருஷத்து வழக்கம்தான். பிறகு அடுத்த வருஷமும் ஏறவில்லை. அப்புறம் எப்போதுமே ஏறவில்லை. அதை அவள் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம் யூனிஸ் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் அவள் மூன்றாம் வகுப்பு டீச்சர். மௌரீன் புத்தகப் பையைக்கூட இறக்காமல் அவளைத் தாண்டி ஓடிக் கக்கூஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து விக்கல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிள்ளை அழுகிறது என்று யூனிஸ் எழுந்து கதவருகே போனாள். காது கொடுத்துக் கேட்டாள். அது அழுகை இல்லை.

கதவு திறந்தது. மௌரீன் முகத்தைப் பாவாடையால் துடைத்துக்கொண்டு வந்தாள். அம்மா நிற்பதைப் பார்த்ததும் உறைந்துபோனாள்.

"சிரிச்சியா?"

"மெதுவாத்தாம்மா சிரிச்சேன்."

"எதுக்கு?"

"கிறிஸ்மஸ் டிராமா ரிகர்சல்ல ஏரோது ராஜாவுக்கு வேட்டி அவுந்துபோச்சு. எல்லாரும் அப்பவே சிரிச்சுட்டாங்க. நான் அடக்கி வச்சிருந்தேன். வழியில சிரிச்சா யாராவது பார்த்து அத்தை கிட்ட சொல்லிடுவாங்கன்னு வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன்."

யூனிஸ் பாதி தேய்த்த பாத்திரத்தை அப்படியே விட்டுக் கையைக் கழுவினாள். உள்ளே போய் ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து போன வருஷத்து நட்சத்திரத்தை இறக்கினாள். ஓஸ்வால்ட் கட்டின கூடு. ஒரு முனை மற்றதைவிட நீளம், அவனுக்குப் பொறுமை கிடையாது. மைதாப் பசையின் வாசனைக்கு எலி வந்து காகிதத்தையெல்லாம் தின்றிருந்தது. மூங்கிலை எலி தொடவில்லை.

ஹெப்சி முன்னறையில் ஜெபப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். "அது எதுக்கு இப்ப?" என்றாள்.

"கட்றதுக்கு அண்ணி."

"யார் வீட்டுக்கு?"

"நம்ம வீட்டுக்குத்தான்."

ஹெப்சி புத்தகத்தை மூடினாள். "ஏம்மா, நீ பெத்தவதானே?"

"ஆமா. நீங்க பெத்த மாதிரி பேசாதீங்க."

"கொண்டாடுறதுக்கு இந்த வீட்ல என்ன ஆயிடுச்சு?"

"இந்த வீட்ல ஒண்ணும் ஆகல. பெத்லகேம்ல ஆச்சு. எனக்கு மனசு நல்லா இருக்குன்னு நட்சத்திரம் கட்றதில்ல அண்ணி. அவர் பொறந்தார்னு கட்றோம். என் பிள்ளை செத்துட்டான்னு அவர் பொறக்காம போயிட்டாரா?"

"வாய் நல்லா வந்திருக்கு. பிள்ளை போன வருஷமே பெத்தவ நட்சத்திரம் கட்டினான்னு ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். இந்த வீட்ல சிரிக்கணும்னா கக்கூஸுக்குப் போக வேண்டியிருக்கு. ஊராவது வெளிய நின்னு சிரிக்கட்டும்."

ஹெப்சிக்கு அது புரியவில்லை. யூனிஸ் விளக்கவும் இல்லை. விளக்கினால் மௌரீனுக்கு அடி விழும்.

"நான் இருக்கற வீட்ல இது ஏறாது. ஏறிச்சுன்னா நான் கோலாருக்கு ரயில் ஏறிடுவேன்."

"மத்தியான வண்டி கூட்டம் கம்மியா இருக்கும் அண்ணி."

அன்றிலிருந்து இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. யூனிஸ் தினமும் சாயங்காலம் முன்னறைத் தரையில் உட்கார்ந்து சிவப்புக் காகிதத்தை வெட்டி ஒட்டினாள். அதைச் செய்தபோது அவள் மனசில் சந்தோஷம் ஒன்றும் பொங்கவில்லை. நீளமான முனைக்கு வந்தபோது கை நின்றது. பிறகு ஒட்டினாள். சந்தோஷம் தானாக வரட்டும் என்று காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு எதிரே நாற்காலியில் ஒரு அத்தாட்சி உட்கார்ந்திருந்தது.

ஹெப்சி சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கேரல் கோஷ்டித் தலைவன் சில்வெஸ்டரைக் கோயில் வாசலில் பிடித்துக்கொண்டாள். யூனிஸுக்குச் சித்தம் கொஞ்சம் கலங்கியிருக்கிறது, நீங்கள் பாட்டுக்குக் கடந்து போய்விடுங்கள் என்றாள். அன்றைக்கே பெண்கள் யூனிஸை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். தட்டினால் உடைந்துவிடும் பீங்கானைப் பார்ப்பது போல. மறுநாள் சில்வெஸ்டர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றான். தபால் ஆபீஸில் வேலை, ஆறடி ஆள், யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவன்.

"டீச்சர், ஹெப்சி அம்மா ஒண்ணு சொல்றாங்க. நீங்க ஒண்ணு சொல்றீங்க. உங்க வீட்டுக்காரர் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறார். பேஜாராப் போச்சு எனக்கு."

"வழக்கம் என்ன சில்வெஸ்டர்?"

"நட்சத்திரம் எரிஞ்சா பாடுவோம். இல்லன்னா போயிடுவோம்."

"அதையே பண்ணு. வழக்கத்தை நான் ஒண்ணும் மாத்தச் சொல்லல."

அவன் நிம்மதியாகப் போனான். வார்த்தையை நன்றாகக் கேட்காமல் விட்டவள் யூனிஸ்தான். நட்சத்திரம் இருந்தால் என்று அவன் சொல்லவில்லை. எரிந்தால் என்றான்.

அந்த வீட்டில் அதற்கென்று ஒரு ஏற்பாடு இருந்தது. முன்னறைக் கூரையில் தொங்குகிற ஒரே பல்பைக் கழற்றி, அதன் ஒயரோடு வேறொரு ஒயரைச் சேர்த்து முறுக்கி, ஜன்னல் வழியாக வாசலுக்கு இழுத்து நட்சத்திரத்துக்குள் மாட்டுவார்கள். டிசம்பர் முழுக்க முன்னறை இருட்டாகக் கிடக்கும். வெளிச்சமெல்லாம் தெருவுக்குப் போய்விடும். இரண்டாவது பல்பு வாங்கினால் தீர்ந்தது, ஆனால் அப்படிச் செய்ய யாருக்கும் தோன்றினதில்லை. அந்த ஒயரைச் சேர்க்க வீட்டில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவன் இப்போது இல்லை.

கேரல் வருகிற அன்றைக்கு ஞானசேகரன் தூங்கி எழுந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது யூனிஸ் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு லீவு போடுங்க."

"இன்னிக்கு ஆளே இல்ல. எல்லாரும் லீவு கேக்கறான்."

"அவங்க வீட்ல இருக்கறதுக்கு லீவு கேக்கறாங்க. நீங்க ஒருத்தர்தான் வீட்ல இல்லாம இருக்கறதுக்கு டூட்டி கேக்கறீங்க."

அவன் டம்ளரைச் சுற்றினான். "அக்கா சொல்றதும் ஒரு நியாயம்தானே."

"சரி, லீவு வேணாம். ஒயரையாவது சேர்த்துக் கொடுங்க."

"என்னால அதைத் தொட முடியாது யூனிஸ்."

அந்தப் பதிலில் கோபம் இல்லை. அவளுக்கும் அவன் மேல் இரக்கம் வந்தது. ஆனால் ஆறு மாசமாக அந்த வீட்டில் எல்லோரும் எல்லோர் மேலும் இரக்கப்பட்டுத்தான் இந்த நிலைமை.

"உங்க பொண்ணு கக்கூஸ்ல போய் ஒளிஞ்சுகிட்டு சிரிக்கறா. தெரியுமா உங்களுக்கு?" என்றாள். "நான் கேட்டேன். ஏரோதுக்கு வேட்டி அவுந்ததாம். அந்தச் சிரிப்பை ஸ்கூல்லேருந்து வாய்ல வச்சு எடுத்துட்டு வந்திருக்கா, பாவம். அவன் போனது போச்சு. அதை நான் கர்த்தர்கிட்ட தனியாக் கேட்டுக்கிறேன், தினமும் கேக்கறேன், அவரும் பதில் சொல்ல மாட்டேங்கிறார், அது எங்களுக்குள்ள. இவ உசிரோட இருக்கா. முதல்ல கர்த்தர், அப்புறம் வீடு, அப்புறம்தான் ஃபாக்டரி. நீங்க ஃபாக்டரியை மேல வச்சு, துக்கத்தை அதுக்கும் மேல வச்சு, எங்களை அடியில போட்டிருக்கீங்க. கர்த்தரை எங்க வச்சீங்கன்னே தெரியல."

ஞானசேகரன் எழுந்து குளிக்கப் போனான். அவள் வழக்கம்போல டிஃபன் கேரியரில் எலுமிச்சஞ்சாதத்தையும் உருளைக்கிழங்கையும் அடைத்து வைத்தாள். பிறகு பெட்டிக்கு அடியிலிருந்து பச்சைப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு, ஸ்டூலோடு வாசலுக்குப் போய், எரியாத நட்சத்திரத்தைக் கம்பியில் மாட்டினாள்.

பக்கத்து வீட்டுக் கோமளம் மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். "என்ன யூனிஸ், விளக்கு இல்லாம மாட்டியிருக்கே?"

"அவர் ஒயர் சேர்த்துத் தரல மாமி."

"எங்க மாமனார் தவறின வருஷம் எங்காத்துல தீபாவளி இல்ல. கொழந்தை ஒரே ஒரு மத்தாப்பு கேட்டுது. நான் தரல." கோமளம் நட்சத்திரத்தை அண்ணாந்து பார்த்தாள். "ஒரு முனை கோணலா இருக்கே."

"அது அப்படித்தான் மாமி."

உள்ளே ஹெப்சி சொன்னபடி பெட்டி கட்டிவிட்டாள். ஆனால் கோலார் வண்டி மறுநாள்தான். ஆகையால் கட்டின டிரங்குப் பெட்டியின் மேலேயே முன்னறை நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

விளக்கு வைக்கிற நேரம் தாண்டி டோலக் சத்தம் தெருமுனையில் கேட்டது. ஞானசேகரன் வராந்தாவில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். ஃபாக்டரிக்கு ஆள் ஏற்றிப் போகிற ஷிஃப்ட் லாரி தெருக்கோடிக்கு வருகிற நேரம். யூனிஸ் படியில் நின்றாள். மௌரீன் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோஷ்டி ஒவ்வொரு வீடாகப் பாடிக்கொண்டு வந்தது. கோமளத்தின் வீடு வரைக்கும் வந்தது. டோலக் நின்றது.

செருப்புச் சத்தம். யூனிஸுக்கு அப்போதுதான் தெரிந்தது. அது மரியாதை மாதிரி கேட்கவில்லை. சவப்பெட்டியை இரண்டாம் தடவை தூக்கிக்கொண்டு போகிற மாதிரிக் கேட்டது.

பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் நட்சத்திரத்தின் மேல் பட்டது. சில்வெஸ்டர் நின்றான். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள்.

"கட்டியிருக்கு," என்றது ஒரு குரல்.

"எரியலியே," என்றது இன்னொன்று.

இப்படி ஒன்றை அவர்கள் பார்த்ததில்லை. எரிகிற நட்சத்திரத்துக்கு வழக்கம் உண்டு, நட்சத்திரம் இல்லாததற்கும் வழக்கம் உண்டு, எரியாமல் தொங்குகிறதற்கு யாரிடமும் வழக்கம் இல்லை. சில்வெஸ்டர் யூனிஸைப் பார்த்தான், பூட்ஸ் கட்டுகிற ஞானசேகரனைப் பார்த்தான், திறந்த கதவுக்குள் டிரங்குப் பெட்டியில் உட்கார்ந்திருந்த ஹெப்சியைப் பார்த்தான். பெட்ரோமாக்ஸ்காரன் விளக்கைக் கை மாற்றினான். கோஷ்டி நகர ஆரம்பித்தது.

"சில்வெஸ்டர்."

"டீச்சர், எரியலியே டீச்சர். எரிஞ்சா பாடுவோம்னு தானே..."

"எரியலன்னா அவர் பொறக்கலியா?"

யூனிஸ் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பாட ஆரம்பித்தாள்.

அங்கேதான் ஒரு தப்பு நடந்தது. வாழ்க்கை முழுக்க அவள் ஆல்ட்டோ பாடினவள். கூட்டத்தில் ராகத்தை வேறு யாராவது பாடுவார்கள், அவள் அதற்குக் கீழே தன் வரியைப் பாடுவாள். தொண்டைக்கு அதுதான் தெரியும். ராகம் இல்லாமல் தனியாகக் கேட்டபோது அது எந்தப் பாட்டு என்றே யாருக்கும் பிடிபடவில்லை. ஒரே இடத்தில் நின்று முனகி, எதிர்பாராத இடத்தில் ஒரு படி இறங்கி, மறுபடி நின்றது. கோஷ்டியில் சிலர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஹெப்சி சொன்னது சரிதான், சித்தம் கலங்கிவிட்டது என்ற பார்வை. யூனிஸ் அதைப் பார்த்தாள். தப்பு என்ன என்றும் அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. இன்னும் உரக்கப் பாடினாள்.

மௌரீனால் முடியவில்லை. வெடித்துச் சிரித்தாள். புடவைக்குள் முகத்தைப் புதைக்கவும் மறந்துபோய், அந்தத் துக்க வீட்டு வாசலில், தெருவே கேட்கச் சிரித்தாள்.

"அம்மா, அது பாட்டு இல்லம்மா. பாட்டு இப்படி." சிரிப்பு நிற்காமலே ராகத்தை எடுத்தாள்.

மெல்லிய குரல். ஆனால் ராகம் வந்து மேலே ஏறினதும் யூனிஸின் வரி அதற்குக் கீழே சரியாக உட்கார்ந்தது. அது என்ன பாட்டு என்று தெருவுக்குத் தெரிந்துபோனது. சில்வெஸ்டருக்குச் சிறு வயதிலிருந்து தெரிந்த பாட்டு. தொண்டை ஒரு பாட்டைக் கேட்டுவிட்டால் வழக்கத்தைக் கேட்டு நிற்பதில்லை. அவன் கனத்த பாஸ் குரலில் சேர்ந்துகொண்டான். டோலக் அடிக்கிறவன் தயங்கித் தயங்கி ஒரு தட்டுத் தட்டினான்.

தெருக்கோடியில் லாரி ஹார்ன் அடித்தது.

யூனிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. போகிறவன் போகட்டும், இன்றைக்கு இந்த வாசலில் பாட்டு நடக்கும், அது அவன் கையில் இல்லை என்று நினைத்துக்கொண்டாள். பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பூட்ஸ் சத்தம் வீட்டுக்குள் போனது. லாரி மறுபடி ஹார்ன் அடித்தது. வீடு முழுக்க விளக்கு அணைந்தது.

"யார்ரா லைட்டை அணைச்சது?" இருட்டுக்குள் இருந்து ஹெப்சி.

"நான்தான்க்கா. ஃபியூஸைப் பிடுங்கியிருக்கேன். அந்தப் பெட்டியை விட்டு எந்திரி, அது மேல ஏறினாத்தான் எட்டும்."

"எதுக்குடா?"

"எந்திரிக்கா."

இரண்டு சரணம் முடிந்து மூன்றாவது ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் கம்பி வழியாக ஒரு ஒயர் நீண்டு வந்தது, பிறகு அதைப் பிடித்திருந்த கை. ஞானசேகரன் வெளியே வந்து ஸ்டூலில் ஏறி நட்சத்திரத்துக்குள் பல்பை மாட்டினான். அவன் பாடவில்லை. நீளமான முனையை ஒரு தடவை விரலால் தொட்டான். கீழே இறங்கி ஃபியூஸைப் போட உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் நட்சத்திரம் எரிந்தது. தெருக்கோடியில் லாரி கியர் மாற்றிக்கொண்டு கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

யூனிஸுக்கு அழுகை வந்தது. வரட்டும் என்று அதையும் வைத்துக்கொண்டே கடைசி வரியைப் பாடினாள்.

பாட வந்தவர்களுக்குக் கேக்கோ முறுக்கோ கொடுக்க வேண்டும். அந்த வீட்டில் ஒன்றும் செய்திருக்கவில்லை. யூனிஸ் வராந்தாவிலிருந்த டிஃபன் கேரியரை எடுத்து, புருஷனைக் கேட்காமலே திறந்து, எலுமிச்சஞ்சாதத்தை உருட்டி ஒவ்வொருவர் கையிலும் வைத்தாள். சில்வெஸ்டர் தின்றுகொண்டே, "உப்புக் கம்மி டீச்சர்," என்றான்.

"அடுத்த வருஷம் போடறேன்."

உள்ளே முன்னறை இருட்டாக இருந்தது. ஹெப்சி மறுபடி பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். மௌரீன் வாசல்படியில் நின்றுகொண்டு கோமளத்துக்கு ஏரோது ராஜாவின் வேட்டிக் கதையைக் கையைக் காலை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள், குரலைத் தாழ்த்தாமல்.